பேருக்குள்ளேயே முகவரி: எட்டி மரத்து ஆர்க்கிடின் கதை



செடி பத்தி நான் எப்போ பேசினாலும் இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி வந்து நிக்கும். "ப்ரோ, கோயம்புத்தூர் வெயில்ல ஆர்க்கிட் வளருமா? வாங்கி வெச்சா மூணு மாசத்துல செத்துப்போகுது."

வளருமுங்க. கடையில பார்க்குற எல்லா ஆர்க்கிடும் வளராது. ஆனா நம்ம வெயில், நம்ம வறட்சி, நம்ம காத்து மூணையும் தாங்கிப் பழகின ஒரு ஆர்க்கிட் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரக் காடுகள்ல இருந்து பர்மா, தாய்லாந்து, தெற்குச் சீனா வரைக்கும் அது பரவிக் கிடக்குது. தாவரவியல் பேர் சிம்பிடியம் அலோயிஃபோலியம். பேர் வாயில நுழையலையா? பரவாயில்ல. அந்தப் பேர் எப்படி வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன பேர் இருந்துச்சு, நடுவுல எது தொலைஞ்சுபோச்சு, இதுதான் இன்னைக்கு எபிசோட். வளர்க்கும் முறையை கடைசியில சொல்றேன். நேரா அங்க ஓடிடாதீங்க. ஏன்னா வளர்க்கும் முறை அந்தப் பழைய பேருக்குள்ளேயே இருந்துச்சு.

முதல்ல ஆளை அடையாளம் காட்டிடறேன். மரக்கிளை ரெண்டாப் பிரியுற கவட்டையில ஒரு கொத்தா உட்கார்ந்திருக்கும். இலை நீளமா, தடியா, தோல் பெல்ட் மாதிரி. தூரத்துல இருந்து பார்த்தா யாரோ கற்றாழையைக் கொண்டுபோய் மரத்து மேல வெச்ச மாதிரி இருக்கும். கோடையில அந்தக் கொத்தோட அடியில இருந்து ஒரு பூந்தண்டு கிளம்பி, மேல போகாம நேரா கீழ தொங்கும். அதுல வரிசையா இருபது, முப்பது பூ. ஒவ்வொண்ணும் நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். வெளிறின மஞ்சள் இதழ், ஒவ்வொரு இதழுக்கும் நடுவுல அரக்கு நிறத்துல ஒரு பட்டை.

நம்ம பக்கம் மரத்து மேல எது முளைச்சாலும் "புல்லுருவி"ன்னு சொல்லி வெட்டிவிடுற பழக்கம் இருக்கு. புல்லுருவி மரத்தோட சாறை உறிஞ்சுறது உண்மைதான். ஆர்க்கிட் அப்படி இல்லீங்க. அது தொற்றுச்செடி. மரம் அதுக்கு உட்கார இடம் மட்டும்தான். தண்ணிக்கு மழை, பனி. சாப்பாட்டுக்கு மரப்பட்டையில சேருற தூசி, மக்கின இலை. மரத்துகிட்ட இருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்காது.

கொச்சியில எழுதின பேர்

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போவோம். 1670-கள். கொச்சியில டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி. மலபாரின் டச்சு ஆளுநர் ஹெண்ட்ரிக் வான் ரீடு. இவர் ஒரு பெரிய வேலையைக் கையில எடுத்தார்: மலபார் பகுதியோட செடிகொடிகளை எல்லாம் படத்தோட பதிவு பண்றது. அதுதான் 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'. 1678-ல் முதல் தொகுதி, 1693-ல் பன்னிரண்டாவது, கடைசித் தொகுதி. அச்சானது ஆம்ஸ்டர்டாம்ல. கடைசித் தொகுதி வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1691-ல், ரீடு இறந்துட்டார்.

அட்டையில ரீடு பேர் இருந்தாலும் உள்ள இருக்குற அறிவு நம்ம மண்ணோடது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி பிராமணர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட், இவங்கெல்லாம் செடிகளோட பேரையும் மருத்துவ குணத்தையும் சொல்லிக் கொடுத்தவங்க. இட்டி அச்சுதனோட உறுதிமொழி முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கு.

பன்னிரண்டாவது தொகுதியில ஆர்க்கிடுகள் வருது. ஒவ்வொண்ணோட பேரும் ஒரே அச்சுல வார்த்தது மாதிரி: ஏதோ ஒரு சொல், அப்புறம் "மரவாழ". மலையாளத்துல இன்னைக்கும் ஆர்க்கிடுக்கு மரவாழன்னுதான் பேர். ஒண்ணு "அன்ஜெலி மரவாழ". அன்ஜெலிங்கறது ஆஞ்ஞிலி மரம், நம்ம அயினிப்பலா. இன்னொண்ணு "கான்ஜிரம் மரவாழ". காஞ்சிரம்னா எட்டி மரம். நம்ம இன்னைக்குப் பேசுற ஆர்க்கிட் இதுதான்.

இந்தப் பேரை ஒரு என்ஜினியர் கண்ணால பாருங்க. நல்லா எழுதின ப்ரோக்ராம்ல வேரியபிள் பேரைப் படிச்சாலே அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும், தனியா டாக்குமென்ட் வேண்டாம். "எட்டி மரத்து மரவாழை" அந்த மாதிரி ஒரு பேர். மரத்துல வாழும்னு சொல்லுது. எந்த மரம்னும் சொல்லுது.

எட்டி எங்க வளரும்? இருட்டான, எப்பவும் நனைஞ்ச மழைக்காட்டுல தேடாதீங்க. அடிவாரத்துல, வறண்ட இலையுதிர் காட்டுல, வெயில் உள்ள இறங்குற இடத்துல தேடுங்க. மழைக்காலத்துல நல்லா நனையும், கோடையில மாசக்கணக்கா காயும். அந்த மரத்து மேல உட்கார்ந்திருக்குற செடிக்கும் அதே வாழ்க்கைதான். எட்டியில மட்டும்தான் இது வளரும்னு அர்த்தம் இல்ல, மா மரத்துலயும் பனையிலயும்கூடத் தொத்தும். ஆனா எட்டின்னு ஒரு வார்த்தை சொன்னதும் வெளிச்சம், வெப்பம், ஈரம் மூணுக்கும் விடை கிடைச்சிருது. சுருக்கமாச் சொன்னா, பேருக்குள்ளேயே முகவரி.

முகவரி தொலைஞ்ச கதை

இப்போ ஸ்வீடன். 1753-ல் கார்ல் லின்னேயஸ் 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' வெளியிடறார். உலகத்துல தெரிஞ்ச செடிகளுக்கெல்லாம் ரெண்டு சொல்லுல பேர் வைக்குற முறை தாவரவியல்ல இந்தப் புத்தகத்துல இருந்துதான் தொடங்குது. ரீடோட புத்தகத்தை லின்னேயஸ் நிறையப் பயன்படுத்திக்கிட்டார். நம்ம காஞ்சிரம் மரவாழைக்கு அவர் வெச்ச பேர் எபிடெண்ட்ரம் அலோயிஃபோலியம். எபிடெண்ட்ரம்னா கிரேக்கத்துல "மரத்தின் மேல்". அலோயிஃபோலியம்னா "கற்றாழை இலை கொண்டது". வெப்பமண்டலத்துல மரத்து மேல வாழ்ற ஆர்க்கிடுகளை எல்லாம் அவர் எபிடெண்ட்ரம்ங்கற ஒரே கூடையில போட்டார். ஆக, மரம் மிஞ்சிச்சு. எந்த மரம்ங்கறது போயிடுச்சு.

46 வருஷம் கழிச்சு, 1799-ல், இன்னொரு ஸ்வீடன்காரர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் அந்தக் கூடையைப் பிரிச்சு புதுப் பேரினங்களை உருவாக்குறார். நம்ம செடிக்குக் கிடைச்ச பேர் சிம்பிடியம் அலோயிஃபோலியம். சிம்பிடியம் எங்கிருந்து வந்துச்சு? கிரேக்கத்துல படகைக் குறிக்குற சொல்லுல இருந்து. பூவோட உதடு படகு மாதிரி இருக்காம். இந்தத் தடவை மரமே காணோம். எட்டி மரத்துல வாழ்ந்த செடி, கற்றாழை இலை வெச்ச ஒரு குட்டிப் படகா ஆயிடுச்சு.

லத்தீன் பேரைக் கேலி பண்றதா நினைச்சுக்காதீங்க. ஜப்பான்ல இருக்குறவரும் பொள்ளாச்சியில இருக்குறவரும் ஒரே செடியைத்தான் பேசுறாங்கன்னு உறுதிப்படுத்த அது வேணும். அதோட லின்னேயஸ் ரீடோட பேரைக் குறிப்பிட்டுத்தான் எழுதினார். அந்த லிங்க் அறுந்துபோகல, அதனாலதான் இன்னைக்கு நம்மளால பின்னாடி தேடிப் போக முடியுது. ஆனா ஐரோப்பாவுல செடி வளர்த்தவங்க கையில போய்ச் சேர்ந்தது புதுப் பேர் மட்டும்தான். அதுக்குக் கொடுத்த விலையை அடுத்துப் பார்ப்போம்.

கண்ணாடி வீட்டுக்குள்ள சாவு

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. பணக்காரங்களுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடிச்சிருந்த காலம். ஆசியாவுல இருந்தும் தென் அமெரிக்காவுல இருந்தும் கப்பல் கப்பலா செடிகள் இறங்குது. இறங்கினதுல ஏகப்பட்டது செத்தும் போகுது.

வெப்பமண்டலம்னா ஒரே மாதிரி கொதிக்குற, நனைஞ்ச, இருட்டுக் காடுன்னு ஒரு கற்பனை அவங்களுக்கு. அதனால செடிகளைக் கண்ணாடி வீட்டுக்குள்ள அடைச்சு, சூடேத்தி, ஜன்னலை மூடி, நீராவியில வேகவெச்சாங்க. அந்தக் கால ஆர்க்கிட் அறிஞர்கள்ல முதன்மையானவர் ஜான் லிண்ட்லி. 1830-ல் அவரே அதிக வெப்பம், அதிக ஈரம், நல்ல நிழல்னு பரிந்துரைச்சார். குளிர்ந்த மலையில இருந்து வந்த செடி, வறண்ட காட்டுல இருந்து வந்த செடி, மழைக்காட்டுச் செடி எல்லாத்துக்கும் ஒரே கான்ஃபிக். அப்புறம் சாட்ஸ்வொர்த் தோட்டத்தோட தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் மாதிரி ஆட்கள் ஜன்னலைத் திறந்து காத்து விட்டு, செடி வந்த இடத்துக்கு ஏத்த மாதிரி வெப்பத்தைப் பிரிச்சு வெச்சாங்க. செடிகள் பிழைக்க ஆரம்பிச்சுது.

எடுக்குற இடத்துல என்ன நடந்துச்சு? 1850-ல் ஜோசப் டால்டன் ஹூக்கர் காசி மலையில, அதாவது இன்னைக்கு மேகாலயாவுல, நீல வாண்டா ஆர்க்கிடைச் சேகரிச்சதை அவரே தன் பயண நூல்ல எழுதியிருக்கார். ஏழு ஆள் சுமக்குற அளவு செடி க்யூ தாவரவியல் பூங்காவுக்காக எடுத்தாங்க. இங்கிலாந்துக்கு உயிரோட போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். அந்த இடத்தைத் தெரிஞ்சுக்கிட்ட இன்னொருத்தர் ஒரே ஒரு ஆள் சுமையை அனுப்பி, அது மோசமான நிலையில போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு வித்தார். செத்தாலும் லாபம்னா யாரு நிறுத்துவாங்க?

கோயம்புத்தூர்ல ஒரு டாக்டரும் ரெண்டு ஓவியர்களும்

அதே காலத்துல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். 1842-ல் ராபர்ட் வைட் கோயம்புத்தூருக்கு வர்றார். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர். இங்க அவருக்குக் கொடுத்த வேலை அமெரிக்கப் பருத்தியை நம்ம மண்ணுல வளர்த்துப் பார்க்குற சோதனைப் பண்ணை. 1853 வரைக்கும் அந்தப் பொறுப்புல இருந்தார். ஆனா மனசு முழுக்க தாவரவியல்ல. 1838-ல் தொடங்கி 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோனஸ்' நூல்ல 2,101 படங்கள். ஆர்க்கிடுகள் நிறைய வர்ற ஐந்தாவது தொகுதி அவர் கோயம்புத்தூர்ல இருந்த காலத்துல தயாரானது.

அந்தப் படங்களை வரைஞ்சது யாரு? ரங்கையா, அவருக்கு அப்புறம் கோவிந்து. நம்ம நாட்டு ஓவியர்கள் ரெண்டு பேர். ரொம்ப காலம் இவங்க பேர் வெளியில யாருக்கும் தெரியாது. 2007-ல் எடின்பரோ ராயல் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி மூணு தொகுதியா வைட்டோட வாழ்க்கையையும் இந்த ஓவியங்களையும் வெளியிட்ட பிறகுதான் பரவலாப் பேச ஆரம்பிச்சாங்க.

ஒண்ணை வைட்டுக்குச் சொல்லியாகணும். 1853-ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே அவர் "கோவிந்தூயியா"ன்னு பேர் வெச்சார், தன் ஓவியர் நினைவா. நம்ம ஊர்ல உட்கார்ந்து படம் வரைஞ்ச ஒருத்தர் பேர்ல ஒரு ஆர்க்கிட்! ஆனா அந்தச் செடி ஏற்கெனவே இருந்த டிராபிடியா பேரினத்துல சேரும்னு பின்னால முடிவாச்சு. தாவரவியல் விதிப்படி பழைய பேருக்குத்தான் முன்னுரிமை. அதனால கோவிந்து பேர் இன்னைக்கு "இணைப்பெயர்"ங்கற பட்டியல்ல, புத்தகத்தோட ஓரத்துல இருக்கு. இட்டி அச்சுதன் சொன்ன மரம் பேர்ல இருந்து விழுந்துச்சு. கோவிந்து பேரும் விழுந்துச்சு. ரெண்டுக்கும் பின்னால சதி எதுவும் இல்ல. ஒழுங்குபடுத்தும்போது எதை வெச்சுக்கணும், எதை விடலாம்னு யாரோ எடுத்த முடிவுதான்.

கோயம்புத்தூர் கதை வைட்டோட முடியல. வனத்துறை அதிகாரி சி.இ.சி. ஃபிஷர் ஆனைமலையில அலைஞ்சு திரிஞ்சு 1921-ல் அந்த மலையோட தாவரப் பட்டியலை வெளியிட்டார். கேம்பிள் எழுதிக்கிட்டிருந்த சென்னை மாகாணத் தாவர நூல் அவர் 1925-ல் இறந்ததால நின்னுபோச்சு. அதைத் தொடர்ந்து முடிச்சவரும் ஃபிஷர்தான். அதுல ஆர்க்கிட் பகுதி ஃபிஷர் எழுதி 1928-ல் வந்துச்சு.

இப்பவும் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு. 1955-ல் தொடங்கினது. மெட்ராஸ் ஹெர்பேரியம்னு பேர் வெச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல இருக்குற உலர்தாவரச் சேகரிப்பும் அங்கதான். லாலி ரோடு சிக்னல்ல நிக்குறப்போ ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. தென்னிந்தியச் செடிகளோட பெரிய நினைவுக் கிடங்கு பக்கத்துலயே இருக்கு. அதே நிறுவனம் ஏற்காட்டுல 1963-ல் இருந்து தேசிய ஆர்க்கிட் பூங்கா ஒண்ணும் நடத்துது.

விதையோட பூட்டு

காட்டுல இருந்து ஏன் இவ்வளவு எடுத்தாங்க? விதை போட்டு வளர்க்கத் தெரியாததால. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு காய்க்குள்ள லட்சக்கணக்குல இருக்கலாம். ஆனா நெல்லுலயோ தேங்காய்லயோ இருக்குற மாதிரி உள்ள சாப்பாடு கிடையாது. மண்ணுல தூவினா அப்படியே கிடக்கும்.

1856-ல் இங்கிலாந்துல ஜான் டொமினி உருவாக்கின கலப்பின ஆர்க்கிட் முதல்முறையா பூத்துச்சு. அப்பவும் விதை முளைக்குறது குருட்டு அதிர்ஷ்டம்தான். 1899-ல் பிரான்ஸ்ல நோயல் பெர்னார் விடையைக் கண்டுபிடிச்சார்: ஆர்க்கிட் விதை முளைக்க ஒரு பூஞ்சை வேணும். காட்டுல அந்தப் பூஞ்சைதான் விதைக்குள்ள புகுந்து ஊட்டிவிடுது. 1922-ல் அமெரிக்காவுல லூயிஸ் நட்சன் இன்னொரு வழி காட்டினார். பூஞ்சை தர்ற சர்க்கரையை நாமே கொடுத்துட்டா என்ன? கண்ணாடிக் குடுவையில அகார், சர்க்கரை, தாது உப்பு. விதை முளைச்சுச்சு.

இன்னைக்கு ஆய்வகத்துல இருந்து நர்சரிக்கு வர்ற ஆர்க்கிட் நாத்தெல்லாம் இந்தக் குடுவையோட வாரிசுகள்தான். அதனாலதான் சொல்றேன், இப்போ ஒரு ஆர்க்கிட் வேணும்னா காட்டுல கை வைக்கத் தேவையே இல்ல.

இந்த இடத்துல ஒரு வேண்டுகோள். வால்பாறைக்கு பைக் ரைடு போறப்போ சாலையோரத்துல மரத்துல இருந்து பிச்ச ஆர்க்கிட் கொத்துகளை யாராவது நீட்டினா வாங்காதீங்க. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருந்து செடி எடுக்குறது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க, அந்தச் செடி பிழைக்கவும் வாய்ப்பு குறைவு. பட்டையில இருந்து பிய்க்கும்போதே வேர் பாதி அறுந்திருக்கும். ஹூக்கரோட ஏழு சுமைக்கு ஆன கதிதான். ஆர்க்கிடோட சர்வதேச வணிகம் முழுக்க சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுல இருக்குறதுக்குக் காரணமே இந்த வரலாறுதான்.

சரி, எப்படி வளர்க்குறது?

நான் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் பால்கனியில வளர்க்குறேன். கிழக்குப் பார்த்த பால்கனி, நர்சரியில வாங்கின செடி. ஒவ்வொரு முடிவு எடுக்கும்போதும் ஒரே கேள்விதான்: எட்டி மரத்து மேல இருந்தா இதுக்கு என்ன கிடைச்சிருக்கும்?

முதல்ல, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. பூக்கடையில பெரிய பெரிய பூவோட "சிம்பிடியம்"னு விக்குறது பெரும்பாலும் இமயமலைப் பக்கத்து இனங்களை வெச்சு உருவாக்கின கலப்பினம். அது பூக்க இரவுக் குளிர் வேணும். ஊட்டியில ஜம்முனு பூக்கும், காந்திபுரத்துல இலை மட்டும்தான் விடும். நெட்ல "சிம்பிடியம் வளர்ப்பது எப்படி"ன்னு தேடினா வர்றதுல முக்கால்வாசி அதுக்கான குறிப்பு. நம்ம அலோயிஃபோலியம்தான் அந்தப் பேரினத்துக்கே மாதிரி இனம், சிம்பிடியம்ங்கற பேரை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்குறதே இதுதான். ஆனா குளிர் கேட்காது. ஒரே பேர், வேற வேற முகவரி. நர்சரி அண்ணாகிட்ட முழுப் பேரைச் சொல்லிக் கேளுங்க. சிம்பிடியம் பைகலர்னு ஒண்ணு கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கும், அதுக்கும் இதே பராமரிப்புதான்.

தொட்டி: மண் கூடவே கூடாது, செம்மண்ணும் சரி, உரக்கலவையும் சரி. பக்கவாட்டுல ஓட்டை போட்ட மண் தொட்டி அல்லது கம்பிக் கூடை எடுத்துக்கங்க. உள்ள அடுப்புக்கரித் துண்டு, உடைஞ்ச ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு. மட்டைக்குப் பஞ்சமே இல்லாத ஊரு, பொள்ளாச்சி பக்கத்துலதான இருக்கு! துண்டுகளை ரெண்டு மூணு நாள் தண்ணியில ஊறவெச்சு, தண்ணியை மாத்தி மாத்திக் கழுவி அப்புறம் போடுங்க. தென்னைநார்த் தூள் வேண்டாம், அது தண்ணியைப் பிடிச்சு வெச்சு வேரை அழுக வெச்சிடும்.

தொங்கவிடணும். பூந்தண்டு கீழ நோக்கி வளரும்னு சொன்னேன்ல? தரையில வெச்சா தண்டு போக இடமில்லாம மடங்கும். தோட்டத்துச் சாளை இருக்குறவங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கு. மா மரத்துலயோ தென்னையிலயோ பருத்திக் கயித்தால கட்டிவிடுங்க. வேர் பிடிச்சதும் கயிறு தானா மக்கிப்போகும். கொய்யா, யூக்கலிப்டஸ் வேண்டாம், அந்த மரங்கள் பட்டையை உரிச்சுக்கிட்டே இருக்கும், செடி நிலைக்காது.

வெளிச்சம்: காலை வெயில் நேரா படலாம். பதினொரு மணிக்கு மேல 50 சதவீத ஷேட் நெட் நிழல். இலையே ரிப்போர்ட் கொடுக்கும். கரும்பச்சையா இருந்தா வெளிச்சம் பத்தல, பூக்காது. இளம்பச்சைன்னா சரி. மஞ்சளாகிக் கருகினா வெயில் ஜாஸ்தி.

தண்ணி: வேரைப் பாருங்க. ஆர்க்கிட் வேரைச் சுத்தி பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும், வெலாமன்னு பேர். காய்ஞ்சிருந்தா வெள்ளையா இருக்கும், நனைஞ்சா பச்சையாத் தெரியும். வெள்ளையா மாறினப்புறம் ஊத்துங்க, பச்சையா இருக்குறப்போ விடுங்க. தோராயமா, ஏப்ரல், மே மாசம் தினமும் காலையில. ஐப்பசி, கார்த்திகை மழையில வானம் பாத்துக்கும். மார்கழி, தை மாசத்துல வாரம் ரெண்டு தடவை போதும், அந்தக் காய்ச்சல் அதுக்குப் பழக்கமானது. நம்ம ஊர்ல எல்லாரும் தவறவிடுறது ஆனி, ஆடி. சில்லுனு இருக்குறதால தண்ணி வேண்டாம்னு நினைப்போம். ஆனா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மதியத்துக்குள்ள தொட்டியை உலர்த்திடும். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னா உங்க ஷேட் நெட் எம்மாத்திரம்? கட்டு ரெண்டையும் சரி பாருங்க, வேரையும் பாருங்க.

எந்தத் தண்ணி? சிறுவாணி வர்ற வீடா இருந்தா யோகம், அப்படியே ஊத்தலாம். போர்வெல் உப்புத் தண்ணின்னா வேர் மேல வெள்ளையா படிஞ்சு அடைச்சிடும். மொட்டை மாடியில விழுற மழைத்தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கங்க. எட்டி மரத்துல அதுக்குக் கிடைச்சதும் மழைத்தண்ணிதான்.

உரம்: புதுத் தளிர் விடுற மாசங்கள்ல 19:19:19 கரையும் உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. மாசம் ஒரு தடவை வெறும் தண்ணியால தொட்டியை நல்லா அலசிவிடுங்க. மாவுப்பூச்சி வந்தா ஈரத்துணியால துடைச்சு எடுங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா, பூத்து முடிஞ்ச பிறகு தொட்டி மாத்துங்க. அப்போ கொத்தைப் பிரிச்சா ஒவ்வொரு பங்குலயும் அடித்தடிப்பு, அதாவது பொய்க்குமிழ், மூணு நாலாவது இருக்கட்டும். ஒரு பங்கை நண்பருக்குக் கொடுங்க. காட்டுல இருந்து எடுக்காம ஆர்க்கிட் பெருகுறதுக்கு இதைவிட எளிய வழி இல்ல.

கடைசியா

முந்நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடி ஒரு வைத்தியர் ரெண்டே சொல்லுல சொன்னதை, ஐரோப்பா கண்ணாடி வீட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான செடியைக் கொன்னுட்டுக் கத்துக்கிட்டது. இட்டி அச்சுதன் பேர் அச்சாச்சு, அதனால நமக்குத் தெரியுது. அச்சாகாத பேர்கள் எவ்வளவு இருக்கும்? நம்ம மலையோரக் கிராமங்கள்ல, பதிகள்ல, மரத்துல தொத்துற ஒவ்வொரு செடிக்கும் ஏதாவது ஒரு பேர் புழக்கத்துல இருக்கலாம். அந்தப் பேருக்குள்ள எந்த மரம், எந்த மாசம், எதுக்கு மருந்துன்னு ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கலாம். மரம் வெட்டப்படும்போது செடி போகும். அந்தப் பேரைச் சொல்றவங்க போகும்போது முகவரியும் போகும்.

அதனால இந்த வாரம் ஒரு வேலை. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ உங்க அம்மிச்சிகிட்டயோ அப்பாருகிட்டயோ கேளுங்க: "மரத்து மேல கற்றாழை மாதிரி முளைக்குமே, அதுக்கு நீங்க என்ன பேர் சொல்லுவீங்க?" அவங்க குரல்லயே ஒரு வாய்ஸ் நோட் எடுத்து அனுப்புங்க. எந்த ஊர், எந்த மரம்னும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. வர்றதை எல்லாம் தொகுத்து அடுத்தடுத்த எபிசோட்ல போடறேன், சொன்னவங்க சம்மதிச்சா அவங்க பேரோடயே.

அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.